கேட்ட அளவு, கொடுத்த அளவு

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் சேதி தெரியாமல்தான் மூன்று நாளாகக் கை கால் ஓடவில்லை. உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. உன் மனைவியைக் கேட்டால், நீ ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாயாம். 'நான் நல்லாத்தான் இருக்கேன், யாரும் இந்தப் பக்கம் வராதீங்கன்னு சொல்லிட்டாரு அண்ணி' என்கிறாள். நல்லாயிருக்கிறவன் எதற்கு வராதே என்கிறான்? இதை அவளிடம் கேட்கவில்லை. பாவம், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏற்கெனவே பதறிக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் உங்கள் ஆஸ்பத்திரிக்குச் சாமான் கொண்டுவரும் வண்டிக்காரர் கையில் இந்தக் கடிதம்.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டு.

இந்த மருந்துக் கிடங்கில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் சாமான் என் கையால்தான் போகிறது. பத்துப் பெட்டி வேண்டுமென்றால் இருபது என்று சீட்டு எழுதுவார்கள், நான் பாதியை வெட்டுவேன். எல்லாருமாக எனக்குக் கத்தரிக்கோல் என்று பேர் வைத்திருப்பது தெரியும். அந்தப் பேரைக் கிளப்பியதே நீதான் என்பதும் தெரியும். நீ மட்டும் என்ன ஒழுங்கா? நெஞ்சுநோய் வார்டுக்கு நர்ஸாகப் பொறுப்பேற்ற நாளிலிருந்து ஒவ்வொரு வாரச் சீட்டின் மூலையிலும் 'அக்கா, இந்தத் தடவை நிஜம்' என்று எழுதுகிறாய். வாரா வாரம் நிஜம். நானும் சிரித்துக்கொண்டே வெட்டினேன்.

இரண்டு வாரம் முன்பு, வழக்கமாக இருபது பெட்டி மாஸ்க் கேட்கிற நீ நாற்பது கேட்டாய். அடுத்த வாரம் அறுபது. இவனுக்குக் கொழுப்பு கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டு வழக்கம்போலப் பத்துதான் அனுப்பினேன். இரண்டு தடவையும் பத்துதான் தம்பி.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்திருக்கிறேன். என் பதிவேட்டில் கேட்ட அளவுக்கு ஒரு கட்டம், கொடுத்த அளவுக்கு ஒரு கட்டம். நீங்கள் கேட்பதுதான் பொய்யாயிற்றே, அதை எதற்கு ஏற்றுவது என்று இரண்டிலும் கொடுத்த அளவையே எழுதுவது என் பழக்கம். சுகாதார அலுவலகத்தில் ஒரு பெண் இருக்கிறாள். எங்கே எந்தச் சாமான் திடீரென்று தீருகிறது என்று கவனிப்பதே அவள் வேலை. பெரிய நோய் பரவ ஆரம்பித்தால் ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் கிடங்குக்குத்தான் தெரியும் என்பாள். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்து, 'மேடம், யாராச்சும் வழக்கத்தைவிட அதிகமா கேக்கறாங்களா' என்று விசாரிப்பாள். நான் பதிவேட்டைப் பார்த்து, ஒண்ணுமில்லம்மா, எப்பவும் போலத்தான் என்பேன். கேட்டது பத்து, கொடுத்தது பத்து. அப்புறம் அவளுக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை வண்டிக்காரர் வந்து சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் வார்டுக்குப் பின்னால் கொடி கட்டி, போட்டுக் கழற்றிய மாஸ்க்கைக் காயவைத்திருந்தார்களாம். 'துவைச்ச துணியாட்டம் கிளிப்பு போட்டுத் தொங்குதும்மா' என்றார். உடனே கம்பியில் குத்திவைத்திருந்த சீட்டுகளை எல்லாம் உருவித் தரையில் பரப்பினேன். உன் ஆஸ்பத்திரியில் மட்டுமில்லை, ஆற்றோரம் இருக்கிற மற்ற இரண்டிலும் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. பயத்தில் கேட்கிறவர்கள் எல்லாச் சாமானையும் கேட்பார்கள். நீங்கள் மாஸ்க்கும், மூக்கில் மாட்டுகிற ஆக்சிஜன் குழாயும் மட்டும்தான் கூட்டிக் கேட்டிருந்தீர்கள். பஞ்சும் கட்டுத்துணியும் பழைய அளவுதான். சீட்டுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மேலாளரிடம் போனேன். 'மழைக்காலம்னா சளி இருமல் வரத்தாம்மா செய்யும், நீ ஒண்ணைக் கெளப்பி விடாத' என்றார். அவசர இருப்பைத் தன் கையெழுத்து இல்லாமல் தொடக்கூடாது என்றும் சொன்னார். இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்தேன். இன்று காலையில் தொட்டுவிட்டேன். இருந்தது அத்தனையும் இந்த வண்டியில்தான் வருகிறது, மூன்று ஆஸ்பத்திரிக்கும் பிரித்துக் கட்டியிருக்கிறேன். சீட்டுகளையெல்லாம் படம் பிடித்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பி, நான் சொன்னதெல்லாம் தப்பு என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டாள். மதியத்துக்குள் டாக்டர்கள் அங்கே கிளம்புகிறார்களாம். என் வேலை போனால் போகட்டும், அதைப் பற்றி நீ யோசிக்காதே.

என்னை உட்காரவிடாமல் அரிப்பது ஒன்றுதான். நேற்று உங்கள் வார்டிலிருந்து வந்த சீட்டு உன் எழுத்தில் இல்லை. யாரோ குண்டு குண்டாக எழுதியிருக்கிறார்கள். மாஸ்க்குக்கு எதிரே எண்கூடப் போடவில்லை, 'எவ்வளவு இருந்தாலும்' என்று எழுதியிருக்கிறது. பொறுப்பாளர் என்ற இடத்தில் வேறொருவர் பேர்.

அது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. உனக்கு லீவாக இருக்கலாம், வேறு வார்டில் வேலையாக இருக்கலாம். பத்து நாளாக நீ எதைக் கட்டிக்கொண்டு அந்த நோயாளிகள் பக்கத்தில் நின்றாய் என்று நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாமான் வந்து சேர்ந்ததற்கு நீயே கையெழுத்துப் போடு. தாளை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். வண்டிக்காரர் உன் ஜன்னலுக்கு வெளியே நிற்பார், கண்ணாடிக்குள்ளிருந்து காட்டினால் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். வேறு யார் போட்டுக் காட்டினாலும் எடுக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எழுந்திருக்க முடியாவிட்டால் படுத்தபடியே போடு. கை நடுங்கினால் நடுங்கட்டும். முழுப் பேர்கூட வேண்டாம் கண்ணு, ஒரு கிறுக்கல் போதும். உன்னுடையதா இல்லையா என்று எனக்குத் தெரியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உன் அக்கா