சத்தி இருக்கா?

12 நவம்பர் 2024, செவ்வாய்

இரண்டு நாளுக்குப் பிறகு குளித்தேன். சோப் போட்டேனா இல்லையா என்று குளியலறையிலேயே நின்று யோசித்தேன். மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு மாதம், ஊரை பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. பயிற்சி முடிய இன்னும் ஐம்பத்தொன்பது நாள். ஜனவரி 10 அன்று எங்கள் வார்டின் பெரிய டொக்டர், சேர், என் படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். வைத்தால்தான் நான் முழு டொக்டர்.

15 நவம்பர், வெள்ளி

பௌர்ணமிப் போயா. ஊருக்கு விடுமுறை, எங்களுக்கு ஓய்வுப் புத்தகம். தினமும் எட்டு மணித்தியாலம் ஓய்வெடுத்தேன் என்று கிழமையின் ஏழு நாளுக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமை ஒரேயடியாகக் கையெழுத்து வைக்கவேண்டும். என்னோடு பயிற்சியில் இருக்கும் பவித்ரன் வைத்தான், நானும் வைத்தேன். புத்தகத்தில் இருக்கிற லக்ஷிகா நன்றாகத் தூங்குகிறாள். பொறாமையாக இருக்கிறது.

21 நவம்பர், வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் போனவள். இன்று பின்னேரம் மூன்று மணிக்கு, அதாவது முப்பத்திரண்டாவது மணித்தியாலத்தில், பரிமளம் அம்மாவின் கட்டிலுக்கு வந்தேன். பலாபத்வலப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர். டெங்கு, நாலாம் நாள். நின்றபடியே கேட்டேன்.

"சத்தி இருக்கா?"

"சத்தியே இல்லீங்க டொக்டர்."

வாந்தி இல்லை என்று அவருடைய நோய்க் குறிப்பு டிக்கெட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். ஐந்து மணிக்கு அவருடைய கைகால் குளிர்ந்து, பிரஷர் விழுந்து — கட்டிலோடு தள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம்.

காலையிலிருந்து ஐந்து தரம் வாந்தி எடுத்தாராம். பக்கத்துக் கட்டில் பெண்தான் பிறகு சொன்னார். தாதி நூருன்னிஸா மிஸ் என்னையே பார்த்தார். "டொக்டர், நீங்க சத்தின்டு எதக் கேட்டீங்க? இங்க சத்தின்டா ஒடம்புத் தெம்பு."

யாழ்ப்பாணத்தில் சத்தி என்றால் வாந்தி. இங்கே வந்த முதல் கிழமையே அதை விட்டுவிட்டு வாந்தி என்று கேட்கப் பழகியவள் நான். இன்று மூளை படுத்துவிட்டது, வாயில் அம்மா வீட்டுச் சொல் வந்துவிட்டது. அவர் தெம்பில்லை என்கிறார், நான் வாந்தியில்லை என்று எழுதுகிறேன். கடவுளே, அந்த மனுசி சாகக்கூடாது.

22 நவம்பர், வெள்ளி

உயிரோடு இருக்கிறார்.

காலையில் சேர் எல்லா நோயாளிகளுக்கும் முன்னால் டிக்கெட்டை என் காலடியில் எறிந்தார். குனிந்து எடுத்தேன். தங்கள் காலத்தில் மூன்று நாள் தூங்காமல் நின்றார்களாம். அந்த மூன்றாம் நாள் என்னென்ன எழுதினார்கள் என்று யாராவது பார்த்தார்களா?

பின்னேரம் ஓய்வுப் புத்தகம் வந்தது. கையெழுத்து வைத்தேன். ஐயோ, இன்றைக்கும் வைத்தேன்.

25 நவம்பர், திங்கள்

நடந்ததற்கு எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சேருக்கு அடுத்தபடி இருப்பவர் டிலானி அக்கா, இந்த ஊர்க்காரர், நல்லவர், என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில் நங்கி என்பார். கன்ரீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கித் தந்தார்.

"நோயாளி வாந்தியை மறுத்தார்னு ஒரு வரி போடுங்க நங்கி. டிக்கெட்டிலயும் அப்படித்தானே இருக்கு."

நான் தூங்கவில்லை என்று எழுதினால் புத்தகம் பொய்யென்று ஆகும். சேர் கையெழுத்து வைக்கமாட்டார், பயிற்சியை நீடித்துவிடுவார். ஒரு வரிதானே? இல்லை என்றுதானே பரிமளம் அம்மாவும் சொன்னார்? அது பொய்கூட இல்லையே. காலையிலிருந்து இதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன்.

27 நவம்பர், புதன்

பரிமளம் அம்மா வார்டுக்குத் திரும்பிவிட்டார். மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் முந்திக்கொண்டார். "எனக்குத்தான் சரியா சொல்லத் தெரியலீங்க. ஒங்கள ஏசினாங்களாமே."

சீ. எழும்பி வந்துவிட்டேன். அந்த வரியை எழுத எனக்கு ஏலாது.

28 நவம்பர், வியாழன்

கொடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு மணித்தியாலம், பிழையான சொல், நாலு மாதப் பொய்க் கையெழுத்து, எல்லாம் எழுதினேன். பவித்ரனையும் உண்மையை எழுதித் தரச்சொல்லிக் கேட்டேன். தங்கச்சியின் கலியாணம், வீட்டு நிலைமை என்று இழுத்தான். "எனக்கு ஏலாது லக்ஷி." அவன் நிலைமை விளங்குகிறது. ஆனாலும் கோபம் வருகிறது, அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

6 டிசம்பர், வெள்ளி

மூன்று மாத நீடிப்பு. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

19 டிசம்பர், வியாழன்

சேர் என்னோடு பேசுவதில்லை. நான் சொல்வதை டிலானி அக்கா திருப்பிச் சொன்னால்தான் அவருக்குக் காது கேட்கும். வெள்ளிக்கிழமைகளில் புத்தகத்தில் ஏற்கெனவே போட்டிருக்கிற எட்டை வெட்டிவிட்டு, தூங்கிய மணித்தியாலத்தை எழுதுகிறேன். வேறு யாரும் எழுதுவதில்லை. போகட்டும்.

10 ஜனவரி 2025, வெள்ளி

பவித்ரனுக்குக் கடைசி நாள். காலையிலேயே படிவத்தைச் சேரின் மேசையில் வைத்துவிட்டு வந்தான்.

இரண்டு மணிக்குப் புத்தகம் என்னிடம் வந்தது. என் வரிக்கு மேலே பவித்ரனின் வரி. ஏழு நாளின் எட்டுகளையும் வெட்டித் தூங்கிய மணித்தியாலத்தை எழுதியிருந்தான். மூன்று, இரண்டு, பூச்சியம், நாலு, மூன்று, பூச்சியம், இரண்டு. பக்கத்தில் முழுப்பெயரோடு கையெழுத்து.

நானும் எழுதிக் கொடுத்தேன். புத்தகத்தைச் சேரின் அறைக்குக் கொண்டுபோனார்கள். இப்போது நாலரை. பவித்ரன் அந்த அறை வாசலில் வாங்கில் உட்கார்ந்திருக்கிறான். அவன் படிவம் இன்னும் கையெழுத்தாகி வரவில்லை. பக்கத்தில் போய் இருக்கப்போகிறேன்.