சாட்சிக் கையெழுத்து

உன் மகன் கொடுத்துவிட்டுப் போன கவர் மூன்று நாளாக என் மேசையில் பிரிக்காமலே கிடந்தது. உள்ளே உன் இறப்புச் சான்றிதழ், பிரெஞ்சில். விழிதியூரில் உன் பேரில் இருக்கும் வயலைப் பிள்ளைகள் பேருக்கு மாற்ற, அதைத் தமிழில் எழுதித் தர வேண்டுமாம். "அம்மா உங்ககிட்டதான் குடுக்கச் சொல்லியிருந்தாங்க அங்கிள்" என்றான். நல்ல ஆளாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாய், போ!

நேரில் உன்னை ஒருநாளும் 'நீ' என்றதில்லை. வாங்க, உட்காருங்க, அவ்வளவுதான் என் வீரம். இப்போது சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

தலத்தெருவில் நான் இந்த மொழிபெயர்ப்புக் கடையைப் போட்ட புதிது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை உனக்கு நிச்சயமாகி, பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க அப்பாவோடு வந்தாய். நிச்சயமானவள் என்று தெரிந்தேதான் உன்மேல் ஆசைப்பட்டு விழுந்தேன். அந்தத் தாள் இல்லை, இந்த முத்திரை இல்லை என்று உன் பேப்பர்கள் திரும்பித் திரும்பி வந்தன. உன் அப்பா தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷம், மறுபடி வருவாய் என்று. ஆனால் ஒன்று, வேண்டுமென்று ஓர் எழுத்தைக்கூட நான் தப்பாக அடித்ததில்லை. அது உனக்கும் தெரியும்.

பிறகு அந்த நாள். மேரியில், அதுதான் நம் நகராட்சி ஆபீசில், பதிவுக் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய உன் மாமா திருநள்ளாற்றிலிருந்து வந்து சேரவில்லை. உன் அப்பா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "நம்ம தம்பி இருக்காரே! வாங்க தம்பி, ஒரு கையெழுத்து போடுங்க."

பேனாவை எடுத்துவிட்டேன். பட்டுப்புடவையில் நின்ற நீ, "அவங்க வேணாம்ப்பா. மாமாவே வரட்டும்" என்றாய். சபையே திரும்பிப் பார்த்தது. முக்கால் மணி நேரம் எல்லோரும் மாமாவுக்காகக் காத்திருந்தார்கள். நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பேப்பர் எழுத நான் வேண்டும், கையெழுத்துப் போட வேண்டாமா? அந்த ரோஷத்தை எட்டு வருஷம் பொத்தி வைத்திருந்தேன். எனக்கும் கல்யாணம் ஆகி ஒரு பெண் பிறந்திருந்தாள். வெளிநாடு போயிருந்த நீ லீவில் வந்தபோது ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாய். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கோவமா இருக்கீங்களா?"

"எனக்கென்ன கோவம்?"

"அன்னிக்கு மேரியில உங்க கை நடுங்குச்சு. அப்பா பாக்கல. நான் பாத்துட்டேன். அந்தக் கையால எப்படிங்க போட விடுறது?"

எட்டு வருஷமும் உனக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, சிரிக்கவில்லை, பரிதாபப்பட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரார் முன்னால் கெட்ட பெயரை நீ வாங்கிக்கொண்டு, அந்தக் கையெழுத்திலிருந்து என்னை விடுவித்திருக்கிறாய். நானோ, மடையன், "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். சாப்பிட்டாய். சர்க்கரை தூக்கல் என்றாய்.

அன்றிலிருந்து இந்த மேசைக்கு முன்னால் யார் உட்கார்ந்தாலும் முதலில் அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன். போன மாதம் ஒரு பெண் விவாகரத்துப் பேப்பரோடு வந்தாள். பேனா பிடிக்கவே முடியவில்லை. "இன்னிக்கு சீல் காஞ்சுபோச்சும்மா, நாளைக்கு வாங்க" என்று பொய் சொல்லி அனுப்பினேன். உன்னிடம் கற்றதில் மிச்சம் இதுதான்.

இன்று காலை கவரைப் பிரித்தேன். பிறந்த இடம், விழிதியூர். தகப்பனார் பெயர், தாயார் பெயர், எல்லாம் நான் முன்பே அடித்த வரிகள். கடைசி வரி மட்டும் புதிது. அழுதுவிட்டுத்தான் அடித்தேன்.

அடியில் என் கையெழுத்து வேண்டும். 'அவங்க வேணாம்' என்று சொல்ல நீ இல்லை. போட்டுவிட்டேன். கொஞ்சம் கோணல். உன் மகன் கவனிக்க மாட்டான், நீ பார்த்திருப்பாய்.