செகண்ட் ஷிப்ட் சங்கு

ஊரிகம்
4-8-2024

மன்றத் தலைவர் முனிரத்தினத்துக்குச் செயலாளர் மனோகரின் வணக்கம்.

நலமா என்று கேட்டால் 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. உமேஷும் மருமகள் வாணியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நான் ஒருத்தன்தான். என் அமலா போன பிறகு இந்தச் சுரங்க லைன் வீட்டில் நலம் விசாரிக்கவும் ஆள் இல்லை, சொல்லவும் ஆள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் 'சர்ஃபேஸ்' கேசட் நிஜமாகவே சர்ஃபேஸுக்கு வந்துவிட்டது. ஹரிஷ் என்று பெங்களூரில் ஒருத்தர், கம்ப்யூட்டர் வேலை, பாட்டே இல்லாமல் வாத்தியம் மட்டும் வாசித்த பழைய பாப் ஆல்பங்களைத் தேடி ஊர் ஊராக அலைகிறவர். தங்க வயலில் 'நம்பர் ஃபோர் கேஜ்' என்று சுரங்க லிஃப்ட் பெயரிலேயே ஒரு பேண்ட் இருந்தது, 1984-ல் கித்தாரும் அக்கார்டியனும் டிரம்முமாக ஒரே ஒரு கேசட் போட்டார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து இறங்கினார். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் விசாரித்தாராம். "அந்த பேண்டுக்கு ரசிகர் மன்றம் வெச்ச ஆளு ஒண்ணு லைன்ல கீது, போய்ப் பாருங்க" என்று என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

என் காப்பியைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த கையோடு டேப் சக்கரத்தில் சிக்கித் துண்டு துண்டாகப் போய்விட்டது. பாவம், அவருக்கு அழுகையே வந்துவிட்டது. போகட்டும் விடுங்கள் என்றேன். இரைச்சலையெல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணி இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார். எந்தெந்த ஊர்க்காரர்களோ கேட்டுவிட்டு, எந்த ட்ராக் உசத்தி என்று சண்டை போடுகிறார்களாம். பக்கத்து வீட்டு சுனில் படித்துச் சொன்னான். எனக்கு நம் மூவர் சண்டைதான் ஞாபகம் வந்தது. நான் 'மாரிகுப்பம் லோக்கல்', நீ 'செகண்ட் ஷிப்ட்', ஆர்தர் 'மூன் ஓவர் த டம்ப்'. உன் காப்பி வீடு மாற்றியதில் தொலைந்தது. ஆர்தர் தன் காப்பியைப் பெட்டிக்குள் வைத்தே புதைக்கச் சொல்லிவிட்டான். மன்றத்துச் சொத்தை ஒரு பொருளாளர் இப்படிக் கொண்டுபோகலாமா?

இத்துடன் பென்டிரைவ் வைத்திருக்கிறேன். நான் இன்னும் கேட்கவில்லை. மன்ற விதி மறந்துவிட்டதா? புதிதாக எது வந்தாலும் தலைவர் காதுக்குத்தான் முதலில். நீ கேட்டு எழுதிய பிறகே நான் கேட்பேன்.

நவம்பர் வந்தால் கேசட்டுக்கு நாற்பது வருஷம். நீ பெங்களூர் போனதிலிருந்து மன்றம் கூடவில்லை. ஊரே தினமும் போய் வருகிற ரயில்தான், கே.ஆர்.புரத்தில் ஏறி உட்கார்ந்தால் போதும். போன் எடுப்பதில்லை, தபாலில்தான் பேசுவேன் என்று அடம் வேறு. ஒருமுறை வந்துவிட்டுப் போயேன்.

உன் வழியைப் பார்த்திருக்கும்
மனோகர்

*

கே.ஆர்.புரம்
15-8-2024

அன்புச் செயலாளருக்கு,

உயிரோடு இருக்கிறேன். அந்த வரி இல்லாவிட்டால் கடிதம் என்னுடையதா என்று சந்தேகப்படுவாய்.

வாணி பென்டிரைவை டிவியில் சொருகிக் கொடுத்தாள். ஏ சைடு, பி சைடு இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். உன் 'மாரிகுப்பம் லோக்கல்' பரவாயில்லை. டிரம்மில் அந்த பிரஷ் போடுகிறவர் ரயிலை நன்றாகத்தான் ஓட்டுகிறார். ஆனாலும் என் ட்ராக் பக்கத்தில் நிற்குமா அது?

கிளப் ஹாலில் 'செகண்ட் ஷிப்ட்'டை ரெக்கார்ட் செய்தபோது நாம் ஜன்னலுக்கு வெளியே நின்றது ஞாபகம் இருக்கிறதா? ஃபேன் சத்தம் விழுகிறது என்று நிறுத்திவிட்டு, புழுக்கம் தாங்காமல் ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். எல்வின் கித்தாரில் முதல் பாதியை முடித்து ஒரு மூச்சு நிறுத்தினார். சரியாக அந்த நேரம் பார்த்துச் சுரங்கத்து ஷிப்டு சங்கு. அதன் சுருதி கித்தாருக்குக் கொஞ்சம் இறங்கி நின்றது. வேறு ஆளாக இருந்தால் நிறுத்தி மறுபடி ஆரம்பித்திருப்பார். எல்வின் அந்த இறங்கின இடத்திலேயே கம்பியைத் தொட்டு, மெல்ல இழுத்து மேலே கொண்டுவந்து சேர்த்தார். சங்கு ஓய்ந்தது, கித்தார் எழுந்தது. நீ என் கையைக் கிள்ளினாய்.

அந்தச் சங்கு அப்படியே இருக்கிறது மனோகர். பிசிறில்லாமல், முன்னைவிடத் தெளிவாக. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹரிஷுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்.

நவம்பரில் வர முடியும் என்று தோன்றவில்லை. முட்டி வலி. உமேஷுக்கும் லீவு கிடைப்பதில்லை. கூட்டத்தை நீயே நடத்திவிடு. என்ன தீர்மானம் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

அன்புடன்
முனிரத்தினம்

*

ஊரிகம்
27-8-2024

முனிரத்தினத்துக்கு,

உன் கடிதம் வந்த பிறகு சுனில் வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். சங்கு இல்லை.

திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். கித்தார் நிற்கிறது. பிறகு ஒன்றுமே இல்லை, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி. அப்புறம் எல்வின் எங்கிருந்தோ கம்பியை இழுக்கிறார். இன்டர்நெட்டில் எழுதுகிறவர்கள், நல்ல ட்ராக், ஆனால் கித்தார்காரர் அந்த ஓர் இடத்தில் சுருதி தவறிவிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். எல்வின் சுருதி தவறிவிட்டாராம். எனக்கு ரத்தம் கொதித்தது.

ஹரிஷுக்கு போன் போட்டேன். வெளியிலிருந்து வந்த சத்தம் என்று நினைத்து இரைச்சலோடு சேர்த்துத் துடைத்துவிட்டாராம். சுத்தம் செய்வதற்கு முந்தையதை வைத்திருக்கிறீர்களா என்றேன். அழித்துவிட்டேன் சார் என்றார். அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? சங்கு என்றால் என்ன என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

உன் மேல்தான் எனக்கு ஆறவில்லை. இல்லாத சங்கைப் பிசிறில்லாமல் கேட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்கவே இல்லை. பென்டிரைவ் ஏதோ ஓர் அலமாரியில் கிடக்கிறது. மனோகருக்கு வேறு வேலை இல்லை, பழசை நாலு வரி எழுதிப் போட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று நினைத்துவிட்டாய். அதில் கண்ணில் தண்ணீர் வேறு.

உன் கடிதம் வந்தால் எதிர் வீட்டு பார்வதம்மாவிடம் படித்துக் காட்டுவது வழக்கம். இதையும் படித்துக் காட்டினேன். அவர்கள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சுனில் வீட்டிலிருந்து திரும்பியபோது அவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வர முடியாது என்றால் வரவேண்டாம். எனக்கு இந்த ஊரில் விளக்கம் சொல்லாமல் பேசுவதற்கு யாரும் இல்லை, அதனால்தான் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இனிமேல் கூப்பிட மாட்டேன். பதில் எழுத வேண்டாம்.

மனோகர்

*

கே.ஆர்.புரம்
9-9-2024

மனோகர்,

வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன், இதை மட்டும் படித்துவிடு.

நான் கேட்கவில்லை. என்னால் கேட்க முடியாது. எனக்குக் காது போய்விட்டது.

சுரங்கத்தில் கீழே டிரில் மெஷின் பிடித்தவன் நான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் கூட இருக்கிறவர்கள் கேலி செய்வார்கள். மேலே வந்த பிறகும் ராத்திரி முழுக்க ரீங்காரம் இருக்கும். சுரங்கம் மூடின பிறகு இடது காது போயிற்று. இங்கே வந்த பிறகு வலது. உமேஷ் காது மெஷின் வாங்கிக் கொடுத்தான். அதில் தட்டு விழுகிற சத்தம் கேட்டது, பேரன் பேச்சு கேட்கவில்லை. போன வருஷத்திலிருந்து தட்டும் இல்லை. போன் எடுக்காததற்கும் இதுதான் காரணம், முட்டி வலியெல்லாம் சும்மா.

வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். சாப்பிடக் கையைக் காட்டிக் கூப்பிடுகிறார்கள். எதையோ பேசிச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எதற்குச் சிரித்தோம் என்று யாராவது எழுதிக் காட்டுவதற்குள் அடுத்த பேச்சு வந்துவிடும். வரவர நான் சிரிப்பதையும் குறைத்துக்கொண்டேன்.

உனக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ பாட்டு விஷயத்தை விட்டுவிட்டு மருந்து விஷயம் எழுதுவாய். உன் கடிதம் ஒன்றுதான் என்னைக் காது உள்ளவனாக நினைத்து இந்த வீட்டுக்கு வருகிறது. அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

பென்டிரைவ் அலமாரியில் கிடக்கவில்லை. வாணி நிஜமாகவே சொருகினாள். டிவியில் கோடுகள் ஏறி இறங்கின. நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் ட்ராக்கிலிருந்து தலைக்குள் ஓடவிட்டேன். கண்ணைத் திறந்தபோது கோடுகள் நின்றிருந்தன, நானும் முடித்திருந்தேன். நான் கேட்டதில் சங்கு இருந்தது. அழுததும் நிஜம்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். நியாயமான கோபம்தான்.

முனிரத்தினம்

*

ஊரிகம்
16-9-2024

தலைவருக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டினேன். நீ கேட்டிருக்க மாட்டாய் என்பது ஒரு வசதி. இப்படி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மருந்து விஷயம் எழுதுகிறவனாகி விடுவேன் என்று தோன்றியது.

இன்னொன்றும் தோன்றியது. ஆர்தரின் காப்பி மண்ணுக்குள். உன்னுடையது தொலைந்தது. என்னுடையது துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஹரிஷ் அழித்துவிட்டார். சங்கோ சுரங்கம் மூடிய அன்றோடு சரி. ஆக, செகண்ட் ஷிப்ட் சங்கு இன்றைக்கு ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. அது உன் மண்டைக்குள் இருக்கிறது.

என் தலையிலும் இருக்கும் என்று நினைத்து வாயால் ஊதிப் பார்த்தேன். பார்வதம்மா ஓடி வந்து, "இன்னா மனோகரு, ஒடம்புக்கு இன்னா ஆச்சு?" என்றார்கள். எனக்கு வரவில்லை. அதற்குப் பிறகு கேட்ட ரயில், பஸ், ஆட்டோ எல்லாம் அதில் கலந்துவிட்டன. உன் காதில்தான் வேறு எதுவும் போய்க் கலக்கவில்லை.

முட்டி வலி இல்லாதவரே, நீ வரவேண்டாம். மன்றம் உன்னிடம் வருகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் என் மரத்து ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். பெட்டியின் மேல் கையை வை. அத்தனை வருஷம் மெஷின் பிடித்த கை, எந்த இடம் ஓடுகிறது என்று அதற்குத் தெரியும். சங்கு வரவேண்டிய இடத்தில் நீ ஊத வேண்டும். இது மன்றத் தீர்மானம், நீ முன்கூட்டியே சம்மதம் கொடுத்தாயிற்று.

செயலாளர்
மனோகர்

*

கே.ஆர்.புரம்
24-9-2024

அன்புள்ள மனோகர்,

பெட்டியோடு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? வந்து சேர்ந்தேன் என்று நீ போனில் சொன்னாலும் எனக்குக் கேட்காது, அதனால் எழுதிக் கேட்கிறேன்.

நீ போன பிறகு மேஜையில் பெட்டி இருந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். வெறும் மேஜைதான். ஆனால் அன்றைக்குக் காலையில் உள்ளங்கையில் ரயில் ஓடியது. 'மாரிகுப்பம் லோக்கல்' பற்றி நான் இதுவரை சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். கைக்கு அதுதான் நல்ல ட்ராக்.

'செகண்ட் ஷிப்ட்'டில் பெட்டி அடங்கியதும் இடம் வந்துவிட்டது என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். எவ்வளவு சத்தமாக ஊதினேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாணி கரண்டியோடு ஓடி வந்தாள். பேரன் காதைப் பொத்திக்கொண்டான். கையின் கீழே பெட்டி மறுபடி அதிர ஆரம்பித்ததும் நிறுத்தினேன்.

உன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சேர்ந்ததா என்று கேட்டேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாய். இந்த வீட்டில் எனக்கு எல்லோரும் எல்லாவற்றுக்கும் கட்டை விரலைத்தான் காட்டுகிறார்கள். அதனால் நம்ப முடியவில்லை. என் சத்தத்தை நான் கேட்டு நாளாயிற்று. நீ எழுது. சங்கு சுருதி சேர்ந்ததா? என் மனசு நோகும் என்று எதையும் மாற்றி எழுதாதே.

உன்
முனி

*

ஊரிகம்
30-9-2024

என் தலைவருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஊரிகத்தில் என்னைத் தவிர யாரும் இறங்கவில்லை. வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டுவிட்டு, பெட்டியைப் பழைய இடத்தில் வைத்தேன். பாட்டு எதுவும் போடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். சேரவில்லை. கித்தாருக்குக் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. எல்வின் அந்த இறங்கின இடத்தில் வந்து தொட்டு, இழுத்து மேலே கொண்டுபோனார். நாற்பது வருஷத்துக்கு முன்னாலும் அது சேரவில்லை.

உன்
மனோகர்