பினாங்கு ரயிலில் உன் சொம்புக்கும் ஓர் இடம்

என் அன்பு அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் மலாக்காவிலிருந்து தம்பின் ஸ்டேஷன் வரை பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற உன் தம்பி எழுதினால் எந்தக் கடிதமும் போய்ச் சேரும். என்னைத் தெரியாத தபால்காரன் இந்த நாட்டிலேயே கிடையாது. சரி, கழித்துக்கொள். "தம்பி சொல்றதுல பாதியக் கழிச்சிட்டு மீதியக் கேளுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் நீதானே சொல்லி வைத்தாய். நீ போன பிறகு கழித்துக் கேட்க ஆளில்லை. என் பேச்சு முழுசாக அப்படியே நம் காஜா பேராங் தெருவில் கிடக்கிறது.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததையும் நீ பார்க்கவில்லை. கடலோரத் திடலில் அத்தனை கூட்டத்திலும் தலைவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்துத்தான் கையசைத்தார். பக்கத்தில் நின்றவர்களும் தங்களைப் பார்த்துத்தான் என்கிறார்கள். அது அவர்கள் இஷ்டம்.

இப்போது பெரிய சேதி. உன் மகள் ராணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பினாங்குத் துறைமுகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்க்கிறார். ஒல்லியான உடம்பு, கண்ணாடி, நிதானமான பேச்சு. அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு கப்பலும் நகராது என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். முகூர்த்தம் பெண் வீட்டில்தான் நடக்க வேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா கால் விளங்காமல் படுக்கையில் இருக்கிறார். மகன் தாலி கட்டுவதை அவர் பார்க்க வேண்டாமா? "நாமே பினாங்குக்குப் போவோம்" என்று நான்தான் சொன்னேன். சொன்ன வேகத்தில், பள்ளிக்கூட விடுமுறையாகப் பார்த்துப் போய், குடும்பத்தோடு ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருவோம் என்றும் சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுச் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து திட்டம் போட்டோம். நான், என் வீட்டுக்காரி பாக்கியம், எங்கள் வாண்டுகள் இரண்டு, ராணி, உன் வீட்டுக்காரர் அத்தான். தம்பினில் மெயில் ரயில் ஏறுவது. கோலாலம்பூரில் இறங்கிக் குகைக்கோயில் பார்ப்பது. பிறகு பிறை ஸ்டேஷன், அங்கிருந்து கடலைத் தாண்டப் படகு. கல்யாணம் முடிந்த மறுநாள் பினாங்கு மலைக்கு ரயில்.

"மலை ரயிலு மேகத்துக்குள்ள நுழைஞ்சதும், டிக்கெட் பாக்குறவரு டார்ச் அடிச்சுத்தான் ஆளையே கண்டுபிடிப்பாரு" என்றேன். "வரும்போது கொஞ்சம் மேகத்தப் பையில போட்டு எடுத்துக்கிட்டு வரலாம்."

"இவரு தம்பின் ஸ்டேஷனத் தாண்டினதே இல்ல" என்றாள் பாக்கியம், வெங்காயம் உரித்துக்கொண்டே. "பிளாட்பாரத்துல நின்னபடியே பினாங்கப் பாத்து முடிச்சிட்டாரு."

"போனவன் எல்லாம் என் பஸ்ஸுலதானே திரும்பி வரான்? ஆயிரம் பேரு கண்ணால பாத்திருக்கேன். நீ உன் ரெண்டு கண்ணால பாக்கப் போற, அவ்வளவுதான்."

"மாமா, அந்த மேகத்துல எனக்கும் கொஞ்சம்" என்று ராணி சிரித்தாள். சிரிக்கும்போது உன் முகம்தான்.

அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. உனக்குத் தெரியாதா அவரை? ரப்பர் கிடங்கில் எடை பார்க்கிற மனுஷன், பேச்சையும் தராசில் வைத்துத்தான் எடுப்பார். "நீங்க எல்லாம் போய்ட்டு வாங்க லா. நான் வீட்டப் பாத்துக்கறேன்" என்றார்.

விஷயம் இதுதான், அக்கா. தாரை வார்க்கும்போது அப்பா பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்க, அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். தம்பதியாக உட்கார்ந்துதான் கொடுக்க வேண்டும். நீ இல்லாததால், அத்தானுக்குப் பதில் நானும் பாக்கியமும் உட்காருவதாகப் பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். நானும் அந்தப் பெருமையை நம்மவர்களிடம் தமிழிலும், தமிழ் மறந்துபோன கம்போங் செட்டிக் குடியிருப்புக்காரர்களிடம் மலாயிலும், பஸ்ஸில் ஏறிய சீனர்களிடம் கையாலும் சொல்லித் தீர்த்திருந்தேன். இந்த மனுஷனுக்கு அது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை யோசித்தேனா?

"பெத்த பொண்ணக் கையப் புடிச்சுக் குடுக்க முடியாத அப்பன், அங்க வந்து எங்க உக்காருவான், மச்சான்? பந்தியிலயா?"

இத்தனை பேசியது அத்தான். நம்புகிறாயா? ராணி எழுந்து கிணற்றடிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். "அப்பா வரலன்னா எனக்கு எதுக்கு மாமா பினாங்கு?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அதற்குப் பிறகு பல நாள் பஸ்ஸில் நின்றபடியே கனவு கண்டேன். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓட ஓட, நான் பினாங்கு ரயிலில் போய்க்கொண்டிருப்பேன். ஜன்னலோரத்தில் நீ. உன் மடியில் அந்தப் பித்தளைச் சொம்பு. வேலை முடிந்து வந்து நான் கதை அளக்க ஆரம்பித்ததும் நீட்டுவாயே, அதே சொம்பு. "மொதல்ல தண்ணி குடி தம்பி. பொய்யெல்லாம் அப்புறம்." ரயில் மேகத்துக்குள் நுழையும். உன் முகம் மறைந்துபோகும். சொம்பு மட்டும் என் கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில்தான் டிரைவர் பிரேக் போடுவார்.

அப்படியொரு பிரேக்கில்தான் எனக்குப் பிடிபட்டது. ஊற்ற வேண்டியவள் அம்மா. அவள் இல்லை. அவள் கூடப்பிறந்தவன் இருக்கிறானே, தாய்மாமன்? கையை அத்தான் பிடிக்கட்டும். தண்ணீரை நான் ஊற்றுகிறேன்.

கம்போங் செட்டிக் கோயில் குருக்களிடம் போய்க் கேட்டேன். "நான் பார்த்ததில்லை. கூடாதென்றும் கேட்டதில்லை. சம்பந்தி சம்மதித்தால் செய்யுங்கள்" என்றார். வெளியே வந்து, சாஸ்திரத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறதாம் என்று சொன்னேன். இதில் முக்காலைக் கழித்துக்கொள்.

போன வாரம் மாப்பிள்ளையின் பெரியப்பா கல்யாண ஏற்பாடு பேச வந்தார். அவரிடம் பேசுவதற்கு அலங்காரமாக நிறையத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது இவ்வளவுதான்: "அது எங்க அக்கா ஊத்த வேண்டிய தண்ணிங்க. நான் ஊத்துறேன். கைய அவங்க அப்பாவே புடிச்சுக் குடுக்கட்டும்."

அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் ராணி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க தம்பி படுத்த படுக்கையில இருந்துதான் ஆசீர்வாதம் பண்ணப் போறான்" என்றார் பெரியப்பா. "அதுக்கு என்ன முறைன்னு நீங்க கேட்டீங்களா? உங்க பொண்ணு அவ அப்பா கையாலயே வரட்டும்."

அன்று சாயங்காலம் அத்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்து வைத்துத் தூசி தட்டினார். தட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"மச்சான், அந்த மலை ரயிலு நெசமாவே மேகத்துக்குள்ள போகுமா?"

"போகும் அத்தான்."

"பாதி போனாலும் போதும்."

உன் கணக்கை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார், அக்கா. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

சொம்பைப் பாக்கியம் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். என் கண்டக்டர் சட்டையில் சுற்றியிருக்கிறேன். பெட்டிக்குள் போடச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. ஜன்னலோரம் என் மடியில்தான் வரும். தம்பினைத் தாண்டியதும் துணியை விலக்கிவிடுவேன். எந்த ஊர் எப்படியிருக்கிறது என்று எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம்.

முகூர்த்தத்தன்று சொம்பை நிதானமாகச் சாய்ப்பேன். ஒரு துளியும் வெளியே சிந்தாது. இது வாக்கு, இதில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்ததும் மலை, மேகம், கப்பல் எல்லாவற்றையும் என் பாணியில் உனக்குச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர், அக்கா. பொய்யெல்லாம் அப்புறம்.

உன் கூடப்பிறந்தவன்,
ராணியின் தாய்மாமன்