மெச்சாதேங்கோ, திருத்துங்கோ

மச்சாள்,

இன்று காலை பார்லி வறுத்தேன். அந்தக் கருகல் மணம் எழுந்ததும் ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் மாடி வீட்டில் உங்கள் குசினிக்குள் நிற்பது போலிருந்தது. நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. உங்கள் மகள் அடுத்த கிழமை ஜப்பானுக்குப் படிப்பிக்கப் போகிறாள். போகமுன் ஒருதரம் அம்மாவின் பார்லித் தேத்தண்ணி குடிக்கவேண்டுமாம்.

அண்ணன் உங்களை, ஒரு ஜப்பான்காரியை, கட்டப்போகிறான் என்றபோது என் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. உங்கள் அப்பா கலியாணத்துக்கே வரவில்லை. உங்கள் நாட்டுக் குடும்பப் பதிவேட்டில் வெளிநாட்டு மாப்பிள்ளையை ஓர் உறுப்பினராக எழுதமாட்டார்கள், ஓரத்தில் குறிப்புத்தான் என்று சொன்னீர்கள். "உங்கட அண்ணை எங்கட வீட்டில ஒரு குறிப்பு, மச்சாள்." சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளுக்குப் பத்து வயதானபோதுதான் உங்கள் அப்பா ரொறன்ரோ வந்தார். இங்கே ஒரு கடைக்குள் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு கைஜின்!" என்றார். வெளியாள் என்று பொருள். "அப்பா, இங்கே நாங்கள்தான் வெளியாட்கள்" என்றீர்கள். "நாங்கள் ஜப்பான்காரர், எப்படி வெளியாட்களாவோம்?" என்று உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டாராம். அவருக்கு அது பிறப்போடு ஒட்டிய சொல். கெட்ட மனிதர் அல்ல. அவர் வளர்ந்த ஊரில் அவரை யாரும் அப்படி அழைத்ததில்லை, அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மகள் ஜப்பான் மொழியில் அவரோடு கதைத்தாள். அவர் சிரித்தபடி ஏதோ சொன்னார். நீங்கள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டீர்கள். ஏன் என்று கேட்டேன்.

"இவளுக்கு ஜப்பான் பாஷை நல்லா வருதாம். சொந்தப் பேத்தியை ஆரும் அப்பிடி மெச்சுவினமோ? அது வெளியாளுக்குச் சொல்லுற கதை."

பிறகு அவர் பக்கம் திரும்பி மெதுவாக ஒரு வசனம் சொன்னீர்கள். அதைத் தமிழிலும் எனக்குச் சொன்னீர்கள்: "மெச்சாதேங்கோ, திருத்துங்கோ."

மூன்றாம் நாள் காலை மகள் அவரை மரியாதைச் சொல்லில்லாமல் சாப்பிடக் கூப்பிட்டாள். பெரியவர்களோடு அப்படியா பேசுவது என்று கடுமையாக ஏசினார். பிள்ளை அழுதாள். நீங்கள் நான் நின்ற பல்கனிக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்தீர்கள். "ஏச்சு விழுந்திட்டுது மச்சாள்! ஏச்சு விழுந்திட்டுது!" கண் நிறையச் சந்தோசம்.

நான் சிரித்தேன். உடனே உங்கள் முகம் மாறியது.

"நீங்களும் அப்பிடித்தான். பன்னிரண்டு வருசமா என்ர தமிழ் வடிவு எண்டுறீங்கள். நான் மாமியை 'நீ' எண்டேக்க எல்லாரும் சிரிக்கிறீங்கள். ஒருத்தரும் திருத்தேல்லை."

அது அன்பு என்றுதான் நினைத்திருந்தேன். அன்றே உங்களோடு குசினி மேசையில் இருந்தேன். "'நீங்கள் சாப்பிட்டீங்களோ' எண்டு கேக்கவேணும்." பத்துத்தரம் சொல்லிப் பார்த்தீர்கள். என் அம்மாவிடம் போய்க் கேட்டீர்கள். அம்மா நிமிர்ந்து உங்களையே பார்த்தார். "ஓம் பிள்ளை, சாப்பிட்டனான்" என்றார். அதுவரை அவர் உங்களைப் பிள்ளை என்று கூப்பிட்டதில்லை.

போன ஞாயிறு உங்கள் ஆண்டுத் திவசம். இப்போது ரூஜ் பக்கம் இருக்கும் அண்ணன் வீட்டில், சொந்தக்காரர் ஒருவர் உங்கள் மகளிடம், "உமக்குத் தமிழ் நல்லா வருது" என்றார். எல்லாருக்கும் முன்னால் அவரிடம் சொன்னேன்: "அண்ணை, அவள் எங்கட பிள்ளை. பிழையிருந்தால் திருத்துங்கோ." அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

ஜப்பானில் உன்னைப் பார்த்து, எந்த நாடு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்களே என்று பின்னேரம் அவளிடம் கேட்டேன்.

"அம்மான்ர ஊர்ப்பேர் சொல்லுவன், மாமி."

"நம்பாயினம். திரும்பவும் கேப்பினம்."

"கேக்கட்டும். அவையளுக்கு அலுக்கும்வரைக்கும் சொல்லுவன். எனக்கு அலுக்காது."

அவளுக்கு உங்கள் பிடிவாதம். எனக்கும் ஒரு வேலை தந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இந்தக் குடும்பத்துக்குள் இனி எந்த நாட்டிலிருந்து எவர் வந்தாலும், முதல் நாளிலேயே பிழை திருத்துவேன், மச்சாள்.