சாட்டிம்புக்குப் பிறகு ஜப்பான்

மே 6, புதன். திருப்பதி

காலையிலேயே வெயில். மின்விசிறி கொதிக்கிற காற்றைத்தான் சுற்றிச் சுற்றித் தருகிறது. சாயங்காலம் சென்னை பஸ். பை இன்னும் கட்டி முடியவில்லை.

எடுத்தாச்சு: நீச்சல் ரப்பர் உடை இரண்டு (யாரோ போட்டுக் கழித்தது, எனக்குத் தோளில் பிடிக்கிறது). இடுப்புக் கயிறு. பருப்புப் பொடி. புளிக்காய்ச்சல். எடுக்கணும்: கண் சொட்டு மருந்து, போன் சார்ஜர். பேங்கில் லீவு கிடைத்தது. மேனேஜர் குரல்தான் சரியில்லை.

நேற்று சாட்டிம்பு போட்டுவிட்டார்கள். கங்கம்மா ஜாத்திரை தொடங்கியாச்சு, ஒரு வாரத்துக்கு ஊர்க்காரர் எவரும் எல்லை தாண்டக் கூடாது என்று தெருத்தெருவாகத் தப்பட்டை. இன்று நானும் கிரியும் தாண்டுகிறோம். நான் சத்தியவேட்டுக்காரன், பிழைக்க வந்தவன், என்னைக் கங்கம்மா கணக்கில் எடுக்காமல் விடலாம். கிரி இந்தத் தெருவிலேயே பிறந்தவன். சின்ன வயதில் ஜுரத்தில் கிடந்தபோது அவன் அம்மா வேண்டிக்கொண்டது, வருஷா வருஷம் ஜாத்திரையில் புடவை கட்டி வேஷம் போடுகிறான்.

அவன் அம்மாதான் எனக்கு வீட்டுக்காரி. நான் மாடி, அவர்கள் கீழே. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். காலையில் இட்லி கொண்டுவந்து வைத்தாள். படியில் இறங்கும்போது கிரியிடம் மட்டும் சொன்னாள், "ஆத்தா சும்மா வுடமாட்டா, பாத்துக்கோ."

செவ்வாய்க்குள் வந்துவிடுவோம் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

எனக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். நீந்தும்போதும் ஓடும்போதும் கிரியோடு கயிறு, இரட்டைச் சைக்கிளில் அவன் முன்னால், நான் பின்னால். வழிகாட்டி இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கப் போட்டி விதி விடாது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த இந்த ஜப்பான் பந்தயம் ஒன்றை முடித்தால் பெரிய போட்டிகளுக்கு என் பெயர் போகும். முடிக்காவிட்டால், இந்த வயதில் இன்னொரு தடவை யார் கூப்பிடப் போகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. பயம்தான், வேறென்ன.

மே 7, வியாழன். ஜப்பான்

வந்தாச்சு. காது அடைப்பு. குளிர். சின்ன ரூம், கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிறது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் இதைச் சொல்லி எழுதுகிறேன். கிரி தூக்கம்.

ஏர்போர்ட்டில் ஒரு பெண், போட்டி நடத்துகிறவர்கள் அனுப்பியவள். என் கையைப் பிடிக்கவில்லை. முதலில் கேட்டாள், அப்புறம் தன் முழங்கையை என் விரலில் தொட வைத்தாள். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் என்னைக் கேட்காமலே மணிக்கட்டைப் பிடித்து ரோடு தாண்டவைத்து, நான் போகவேண்டாத பக்கம் விட்டுவிட்டுப் போவார்கள். புண்ணியம் அவர்களுக்கு.

இரவுச் சாப்பாடு: சாதத்தை உருட்டி நடுவில் புளிப்பாக ஏதோ காய். கிரி அதன் மேல் பருப்புப் பொடி தூவித் தின்றான். "நம்ம ஆளுங்க செஞ்சது மாரியே கீது" என்றான். இல்லவே இல்லை.

மே 8, வெள்ளி

மழைத் தூறல். காலையில் கிரி குளிக்கும்போது நான் சும்மா கீழே இறங்கினேன். வாசலிலேயே காலுக்கடியில் மேடு மேடாகக் கோடு. பார்வை இல்லாதவர்களுக்காகப் பதித்த கல். நேராகப் போகச் சொன்னால் கோடு, நிற்கச் சொன்னால் புள்ளி. நம் ஊர் ஸ்டேஷனிலும் உண்டு, அதன் மேல் பார்சல் மூட்டை உட்கார்ந்திருக்கும். இங்கே அறுந்துபோகாமல் போய்க்கொண்டே இருக்கிறது. சிக்னலில் பச்சை விழுந்தால் குயில் சத்தம். தாண்டினேன். ரயில் ஸ்டேஷன் வரை போனேன். யாரும் தொடவில்லை, யாரும் ஐயோ பாவம் சொல்லவில்லை. நான் பெரியவனான பிறகு எவர் துணையும் இல்லாமல் தெரியாத தெருவில் நடந்தது இதுதான் முதல். அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன்.

திரும்பினால் வாசலில் கிரி, மூச்சு வாங்கிக்கொண்டு. தெருவெல்லாம் ஓடித் தேடியிருக்கிறான். திட்டுவான் என்று பார்த்தேன். திட்டவில்லை. "நான் இல்லாமயே போய்க்கினு வந்துட்ட" என்றான். குரலில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று தெரியவில்லை.

மத்தியானம் கடலில் பழக விட்டார்கள். பிச்சாட்டூர் அணையில் நீந்திப் பழகிய உடம்பு, இந்தக் குளிர் எலும்புக்குள் போகிறது. கிரி எப்போதும்போல் இறங்குவதற்கு முன் தலையில் தண்ணீர் தெளித்து நெடுநேரம் கும்பிட்டான். நேரமாச்சு என்று நான்தான் கயிற்றை இழுத்தேன்.

மே 9, சனி

முடியவில்லை.

நீச்சலிலேயே போச்சு. பாதி தூரம் நல்ல மூச்சு, நல்ல வீச்சு, பக்கத்தில் இரண்டு ஜோடியைத் தாண்டியது எனக்கே தெரிந்தது. அப்புறம் கயிறு கனத்தது. கிரி நின்றுவிட்டான். கையைக் காலை அடிக்கிறான், தண்ணீர் குடிக்கிறான், என் தோளைப் பிடித்து அமுக்குகிறான். கொஞ்ச நேரம் நானும் உள்ளே போனேன். பலகையில் வந்த ஒருவன் இரண்டு பேரையும் தூக்கிப் போட்டுக்கொண்டான். வழிகாட்டி வெளியே என்றால் நானும் வெளியே.

கரையில் போர்வை, சுடச்சுட ஏதோ சூப். காப்பாற்றியவன் எங்களிடம் மன்னிப்புக் கேட்டான். திரும்பத் திரும்பக் குனிகிறான், அவன் குரல் கீழே போய்ப் போய் வருவதில் தெரிந்தது. இவன் என்ன தப்பு செய்தான்? கூட்டம் கை தட்டியது, "கன்பாத்தே, கன்பாத்தே" என்று. விடாதே என்று அர்த்தமாம். விட்டவனுக்கும் கை தட்டுகிற ஊர். எனக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கவில்லை.

கிரி ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "சாட்டிம்பு."

பரவாயில்லைடா என்றேன். உள்ளே அத்தனை கோபம். கங்கம்மா மேல் இல்லை.

மே 10, ஞாயிறு

விமானம். பக்கத்துப் பக்கத்து சீட். அவன் தட்டில் இருந்த ரொட்டியை என் தட்டில் வைத்தான், பட்டர் தடவி. தின்றேன்.

மே 11, திங்கள். திருப்பதி

அனல். பஸ்ஸில் நகரி, புத்தூர் எல்லாம் தூங்கியே கழிந்தது. அத்தைக்குச் சங்கதி முன்னாலேயே தெரிந்திருக்கிறது. வாசலிலேயே நிறுத்தி வேப்பிலைத் தண்ணீர் தெளித்தாள். கிரிக்கு நிறைய, எனக்கும் கொஞ்சம். "எல்ல தாண்டாதன்னா கேட்டியா, கடலாண்ட கொண்டுபோய் அமுக்கிட்டா பாரு" என்றாள். பிறகு அவன் தலையைத் துவட்டிக்கொண்டே அழுதாள். மாடிக்கு வந்துவிட்டேன்.

பேங்கிலிருந்து மூன்று பேர் போன், என்ன ஆச்சு என்று தெலுங்கில். "ஏமய்யிந்தி சார்?" கடல் குளிர் என்று சொல்லி முடித்தேன்.

மே 12, செவ்வாய்

ஜாத்திரை கடைசி நாள். தெரு பூரா தப்பட்டை, பொங்கல் புகை. காலையிலேயே கிரி புடவை கட்டிக்கொண்டு போனதாக அத்தை சொன்னாள். வளையல், கொலுசு, சவுரி, எல்லாம்.

வேஷம் போட்டவன் யாரை வேண்டுமானாலும் திட்டலாம். கெட்ட வார்த்தையாகவே திட்டலாம். வாங்குகிறவன் கோபித்துக்கொள்ளக் கூடாது, பதில் பேசக் கூடாது, சிரிக்க வேண்டும். வேஷம் கலைந்த பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. போன வருஷம் இந்தத் தெரு கவுன்சிலரே வாங்கிக்கொண்டு சிரித்தார்.

மத்தியானம் கொலுசுச் சத்தம் கும்பலாக வந்து என் முன்னால் நின்றது. மஞ்சள் வாசனை, வேர்வை, கிரியின் குரல். ஆரம்பத்தில் வழக்கமான வசவு, என் பிறப்பு, என் பேங்க், என் மொட்டைப் பாறைத் தலை. கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் பேச்சு மாறியது, குரலை மட்டும் இறக்கவேயில்லை அவன்.

"டேய் குருட்டுப் பயலே, நல்லாத்தானடா நீஞ்சிக்கினு இருந்த? நான்தானடா உன்ன அமுக்கினேன்? வாயத் தொறந்து என்னத் திட்டேன்டா. நல்லவனாட்டம் பரவால்லன்ற. எனக்குத் தண்ணின்னா பயம்டா. அணையில எறங்கின மொத நாள்லருந்து பயம். உன் மூஞ்சிய பாத்துட்டு எத்தினி வருசம்டா செத்து செத்து எறங்கறது? கயித்துல கட்டாதடா என்ன. இனிமே கட்டாத."

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. குருட்டுப் பயல் என்றதற்கு ஒரு விசில். நானும் சிரித்தேன். வழக்கம் அது. தாடை வலிக்கிற வரை சிரித்தேன்.

வேப்பிலைக் கொத்தால் என் தலையில் இரண்டு அடி அடித்துவிட்டுப் போனான்.

மே 13, புதன்

ஜாத்திரை முடிந்தது. தெருவில் கூட்டுகிற சத்தம். கொஞ்சம் காற்று.

இரவெல்லாம் யோசித்தது: அவன் பயந்து நின்றதைக் கும்பிடு என்று நினைத்துக்கொண்டு நான் கயிற்றை இழுத்த தடவைகள். வேறு வழிகாட்டி திருப்பதியில் யார்? ஒருவரும் இல்லை. சித்தூரில் ஒரு போலீஸ்காரர் நீந்துவார், அவருக்கு டூட்டி.

விடிந்ததும் கதவு தட்டல், வழக்கமான இரண்டு தட்டு. கிரி. சோப்பு வாசனை, ஓடுகிற ஷூ. நேற்று ஒன்றுமே நடக்காத குரலில், "கிளம்பலையா? பிச்சாட்டூர் போலாம், வண்டி கேட்டுக்கீறேன்" என்றான். கயிற்றின் மறுமுனையை என் கையில் வைத்தான், தன் இடுப்பில் ஏற்கெனவே கட்டியிருந்தான். நேற்று வேஷத்தில் அவன் சொன்னதை நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் முடியாது.

தோள் வலி என்றேன். கடலில் பிசகிவிட்டது, டாக்டர் இனிமேல் நீச்சலே கூடாது என்கிறார் என்றேன். எந்த டாக்டரையும் நான் பார்க்கவில்லை, அது அவனுக்கும் தெரியும்.

"நெஜமாவா?"

"நிஜம்தாண்டா. போதும், வயசாச்சு."

முடிச்சு அவிழ்கிற சத்தம். அப்புறம் படியில் இறங்கினான். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான்.