நான்காம் பொத்தானின் எதிரொலி

அன்புள்ள ஷியோரிக்கு,

அம்மா நலம். ஹெல்சின்கி குளிரில் நீ காது மூடும் தொப்பியோடுதான் வெளியே போகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார நேரமாகிவிட்டது, ஆனாலும் இன்றே சொல்லாவிட்டால் தூக்கம் வராது. பயப்படாதே, நல்லபடியாக முடிந்த விஷயம்தான்.

போன மாதம் அப்பாவின் ப்ரீஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டின் ஓசைக்கு எதிரொலி சேர்க்குமே அந்தப் பெட்டி, ஊமையாகிவிட்டது. ரிப்பேர்காரர் ஒயாமா பிரித்துப் பார்த்து, பெட்டியைப் பிழைக்க வைத்துவிடலாம், ஆனால் உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துவிட்டது, அது காத்துவந்த அளவுகளெல்லாம் போய்விட்டன என்றார். தேவாலயம், பெரிய அரங்கு என்று கம்பெனியே போட்டுக் கொடுத்த எதிரொலிகள் பத்திரமாக இருக்கின்றன. நான்காம் பொத்தானில் அப்பா தானே அமைத்தாரே, எட்டுப் பேர் உட்காரும் நம் காபிக்கடையை மரக்கூரை போட்ட பெரிய கூடமாக்கும் அந்த ஓசை, அது மட்டும் இல்லை. எங்கேயும் எழுதி வைக்கவுமில்லை, உனக்குத்தான் அவரைத் தெரியுமே. கல்லூரி முடித்த கையோடு உன்னைப் பெற்றவள் நான், படித்ததோ இலக்கியம், எந்த எண்ணை எங்கே வைப்பது என்று எனக்கு என்ன தெரியும்? அவர் போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு இன்னொரு தடவை போனதுபோல இருந்தது. கேள்விப்பட்டால் நீ படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாயோ என்று பயந்துதான் போனிலும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பெட்டி திரும்பி வந்தது. இசைத்தட்டு ஓடும்போது நம் கடையில் யாரும் வாய் திறக்கக் கூடாதல்லவா, இத்தனை வருடமாக வருகிறவர்களுக்கு ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர்களிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, நான்காம் பொத்தான் போய்விட்டது என்றேன். கணவாய் மீன் விற்கும் நருமி அக்கா எழுந்து, “அதெப்படிம்மா போகும்? எங்க காதுல இருக்கே, அதை எவன் அழிச்சான்?” என்றார். அவ்வளவுதான், கடை சந்தையாகிவிட்டது. நான் அளவுகளை மாற்ற மாற்ற, “கூரையை இன்னும் தூக்கும்மா” என்கிறார் ஒருவர், “ஐயய்யோ, இது குளியலறை!” என்கிறார் இன்னொருவர். பல் டாக்டர் குடோ ஏதோ சொல்ல வந்தார், “பல்லு ராவி ராவி உங்களுக்குப் பாதிக் காது போயிருக்கும், சும்மா இருங்க டாக்டரே” என்று நருமி அக்கா அடக்கிவிட்டார். பஸ் ஓட்டும் ஓட்சுகாவோ, பியானோ சத்தம் சுவரில் மோதி வலப்பக்கம் திரும்பும், அந்த மூலையில் உட்காருகிற எனக்குத் தெரியாதா என்று ஒரே சண்டை. காபியெல்லாம் ஆறிப்போனது. இருட்டும் நேரத்தில் ஓர் அளவைத் தொட்டேன், நருமி அக்கா ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும், ஷியோரி, அப்பா கவுண்டருக்குப் பின்னால் கோப்பை துடைக்கிற மாதிரியே இருந்தது. எந்த ஜென்மத்தில் என்ன செய்தேனோ, இப்படிப்பட்ட மனிதர்கள் கிடைத்திருக்கிறார்கள்.

எதிரொலி எவ்வளவு நேரம் நீண்டு அடங்க வேண்டும் என்பதில் மட்டும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. “இதை நாம முடிவு பண்ண வேண்டாம், அவர் பொண்ணு வந்து சொல்லட்டும்” என்றார் குடோ. யாரும் மறுக்கவில்லை.

அதனால் இப்போதே ஓடி வராதே, பரீட்சையை நன்றாக எழுது. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், உடம்பு நலமாக இருக்கட்டும். ராத்திரி ஹீட்டரை அணைக்க மறக்காதே. ஆகஸ்டில் ஓபோனுக்கு, போனவர்களெல்லாம் வீடு திரும்பும் அந்த நாளில், அப்பாவும் வீட்டுக்கு வருவார். அதற்கு முந்தின நாளே நீ வந்து, அந்த ஓர் அளவை வைத்துவிடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா நட்சுகி
ஹச்சினோஹே